அம்மம்மாவின் தடி

யாழ்ப்பாணத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பங்கர் வெட்டிய மாமாவின் அலவாங்கு இடுப்பளவு ஆழத்திலேயே ‘ணங்’ என்றது. மிச்சத்தை மேலேதான் எழுப்ப வேண்டியிருந்தது. குறுக்கே பனங்குற்றிகள், அதன்மேல் மண் நிரப்பிய உரப்பைகள். பை போதாமல் அம்மாவின் பழஞ்சேலைகளையும் தைத்து நிரப்பினோம். வடிவம் ‘ட’. வாசலுக்கு நேரே இருந்தால் சன்னம் தேடி வரும். மூலை திரும்பி இருந்தால் சுவர் வாங்கிக்கொள்ளும்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபின் மின்சாரம் இல்லை. பெற்றோலுக்குத் தடை, எப்போதாவது ஒரு வாகனம் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு போகும். ஊர் அப்படி அடங்கிக் கிடந்ததால் விமானச் சத்தம் வெகுதூரத்திலேயே பிடிபட்டது. எட்டு வயதில் எனக்கு வாய்ப்பாடு பிழைக்கும், சத்தம் பிழைக்காது. கனத்து உறுமினால் சகடை. சியாமாசெட்டி என்றால் குத்திப் பதியும்போது ஒரு கூவல். ஹெலி வந்தால் முதலில் சூடுதான்.

ஓடிப்போய் உடனே இறங்கிவிட முடியாது. வாசலில் அம்மம்மா நிற்பார், கையில் பூவரசந்தடி. படி, சுவர், மூலை என்று தட்டி, பாம்பில்லை என்று கண்டபிறகே வழிவிடுவார்.

“அம்மா, அவன் தலைக்கு மேல நிக்கிறான், விடுங்கோவன்!”

“மேல நிக்கிறவன் போயிடுவான். உள்ளுக்கு இருக்கிறது போகாது.”

அம்மாவுக்கு ஆத்திரம் வரும். ஆனால் ஒரு மாரியில் புடையன் ஒன்று உண்மையிலேயே சுருண்டு கிடந்தது. அதோடு அந்த வழக்கு முடிந்தது.

கோயிலில் போடமாட்டார்கள் என்றொரு நம்பிக்கை ஊரில் இருந்தது. 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்தது. இராணுவம் முன்னேறி வருகிறதென்று அங்கே ஒதுங்கியிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் பங்கருக்கு இன்னும் இரண்டு அடுக்கு மூட்டை ஏறியது.

அந்த மூட்டைகளை நம்பி இருக்கவும் விடவில்லை. அக்டோபர் 30 இரவு எங்கள் வலிகாமப் பகுதியே ஊரைவிட்டு வெளிக்கிட்டது. பங்கரைத் தூக்கிக்கொண்டா போக முடியும்?

1996 ஏப்ரலில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பங்கருக்குள் முழங்காலளவு மழைத்தண்ணீர், தவளைகள். தடி மட்டும் சாத்தியபடியே இருந்தது. அம்மம்மா அதை எடுத்து மேல்படியில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகுதான் குனிந்து உள்ளே பார்த்தார்.