கழுத்துக்கும் ஒரு கவசம்

2014 நவம்பர் 25. சிட்னி மைதானத்தில் 63 ரன்களுடன் ஆடிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் பில் ஹியூஸ், ஒரு பவுன்சரை ஹூக் செய்யத் திரும்பினார். பேட்டில் சிக்காத பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே, இடப்பக்கக் கழுத்தில் அடித்தது. மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் கிழிந்து, இரண்டே நாளில் உயிர் பிரிந்தது. வயது 25.

ஹெல்மெட் போட்டிருந்தும் இப்படி!

ஏறத்தாழ 160 கிராம் எடையுள்ள பந்து மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வந்து மோதும்போது, ஹெல்மெட்டின் பிளாஸ்டிக் அல்லது கார்பன் இழையாலான மேலோடு அந்த அடியை ஒரே இடத்தில் இறங்கவிடாமல் பரப்புகிறது. உள்ளிருக்கும் ஃபோம் நசுங்கி, மோதும் நேரத்தை ஒரு துளி நீட்டுகிறது. அந்தத் துளி நேரத்தில்தான் மண்டைக்குப் போகும் விசை குறைகிறது. ஆனால், ஓடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இடைவெளி இருந்தால் பயனில்லை. ஹியூஸ் இறந்த அதே ஆண்டு ஆகஸ்டில், இந்தியாவின் வருண் ஆரோன் வீசிய பந்து முகத்தைக் காக்கும் கிரில்லுக்கும் ஹெல்மெட்டின் விளிம்புக்கும் இடையே புகுந்து இங்கிலாந்து வீரர் ஸ்டூவர்ட் பிராடின் மூக்கை உடைத்தது. 2013-இல் திருத்தப்பட்ட பிரிட்டிஷ் தரவிதி, இந்த இடைவெளியில் பந்து நுழைகிறதா என்றே சோதிக்கிறது. சிறுவர்களின் பந்து சிறியது என்பதால் அவர்களுக்குத் தனிச் சோதனை.

ஹியூஸின் மரணத்துக்குப் பிறகு, ஹெல்மெட் தயாரிக்கும் மசூரி நிறுவனம் கழுத்துக் காப்பைக் கொண்டுவந்தது. தேன்கூட்டு அறைகள் கொண்ட பிளாஸ்டிக்கும் ஃபோமும் சேர்ந்த இரண்டு துண்டுகள்; கிரில்லின் பின்முனையில் மாட்டிக்கொள்ளலாம். தலையைத் திருப்பவும் தடையிராது, எடையும் அதிகமில்லை.

அப்படியும் பலர் போடவில்லை. அணிந்தால் மூச்சடைப்பதுபோல் இருக்கிறது என்றார் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித். 2019-இல் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து அவர் கழுத்தைத் தாக்கியபோது அங்கே காப்பு இல்லை. மூளை அதிர்ச்சியால் அடுத்த டெஸ்டில் அவரால் ஆட முடியவில்லை. வீரரின் அசௌகரியம் நியாயமானதுதான். ஆனால் உயிரைக் காக்கும் பொருளை அவரவர் விருப்பத்துக்கு விட்டது தவறு. 2023 அக்டோபர் முதல் வேகப்பந்தை எதிர்கொள்ளும் தன் வீரர்களுக்கு ஆஸ்திரேலிய வாரியம் இதைக் கட்டாயமாக்கியது.

2025 அக்டோபரில் மெல்போர்னில் வலைப்பயிற்சியின்போது 17 வயது இளைஞர் ஒருவர் கழுத்தில் பந்து பட்டு இறந்தார். ஹெல்மெட் இருந்தது, கழுத்துக் காப்பு இல்லை. பிள்ளைக்கு ஹெல்மெட் வாங்கும் பெற்றோர், சிறுவர் பந்துக்குச் சோதிக்கப்பட்டதா, கழுத்துக் காப்பு பொருந்துமா என்று கடையிலேயே கேட்டுவிட வேண்டும். பயிற்சி ஆட்டம்தானே என்று அதைக் கழற்றி வைக்கவும் விடக் கூடாது.