உடைந்த பாய்மரம் சிலுவை ஆனது!
மணப்பாட்டில் ஒரு நாள்

தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேரும் ஊர் சீவலப்பேரி. அந்த ஊர்க்காரர்கள் 22 பேர் ஒரு வேன் பிடித்து மணப்பாட்டுக்குப் புறப்பட்டார்கள். நாமும் கூடப் போனோம். பெண்கள், குழந்தைகள், கட்டுச்சோறு எல்லாம் உண்டு. எழுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவரும் வந்தார்.

மணப்பாடு, திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். வழியில் குலசேகரன்பட்டினம். தசராவுக்குப் பேர் போன ஊர். ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-ம் ஆண்டு அங்கே அடிக்கல் நாட்டினார்கள். "காளி வேஷம் கட்டுற ஊருல ராக்கெட்டா!" என்று ஒரு பாட்டி வாயைப் பிளந்தார்.

குன்றின் மேல் கோவில்

மணப்பாட்டில் முதலில் கண்ணில் படுவது கடலோர மணல் குன்று. அதன் உச்சியில் வெள்ளை வெளேர் என்று திருச்சிலுவை ஆலயம். 1581-ம் ஆண்டு கட்டியது.

அதற்கு முன்பே அங்கே ஒரு சிலுவை இருந்ததாம். 1540-ம் ஆண்டு வாக்கில் போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கியது. தப்பிப் பிழைத்த தலைவன், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து குன்றின் மேல் நட்டான். இப்படிச் சொல்கிறார்கள் ஊரார்.

1542-ல் இந்தக் கடற்கரைக்கு வந்தவர் சவேரியார். அவர் தங்கிய குகை கடலைப் பார்த்தபடி இருக்கிறது. அலை அடிக்கும் இடத்துக்கு அருகிலேயே ஒரு கிணறு. தண்ணீர் உப்புக் கரிக்காது! குழந்தைகள் குடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார்கள்.

குன்றிலிருந்து பார்த்தால் கருமேனியாறு கடலில் கலக்கும் இடம் தெரியும். ஆறும் ஆறும் கூடுவதைத் தினமும் பார்க்கிற சீவலப்பேரிக்காரர்கள், ஆறும் கடலும் கூடுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொத்தனார் பிடித்த பிடி

ஊருக்குள் பரிசுத்த ஆவி ஆலயமும், யாகப்பர் ஆலயமும் உண்டு. ஆனால் நம் கொத்தனார் அசையாமல் நின்றது ஒரு பழைய வீட்டின் முன்னால்தான். வளைவு வைத்த வாசல், பருத்த தூண்கள், முழங்கை நீளம் கனத்த சுவர். இலங்கை வியாபாரத்தில் பணம் பார்த்தவர்கள் இப்படிப்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். இன்று சில வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது.

"அண்ணாச்சி, இது சுண்ணாம்புச் சுவருல்லா? இதுக்கு மேல சிமெண்டு பூசலாமா?" என்று திண்ணையில் இருந்த பெரியவரிடம் கேட்டார்.

"ரெண்டு வருஷம் முந்திதான் பூசினோம். அதுக்குள்ள பொரிஞ்சு விழுது" என்றார் அவர்.

காரணம் இதுதான். கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு சுவருக்குள் இறங்குகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு விடாது. ஈரம் காயக் காய, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகித் தள்ளும். பூச்சு பெயர்ந்து விழும். போகும்போது பழைய செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு போகும்!

சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர். இவற்றை நாள் கணக்கில் புளிக்க வைத்து அரைப்பது பழைய முறை. கருப்பட்டிக்குப் பேர் பெற்ற உடன்குடி பக்கத்திலேயே இருக்கிறது. கைதான் வேண்டும்.

"நீங்க வந்து செஞ்சு தாரீயளா?" என்றார் பெரியவர்.

"நான் வாரேன் அண்ணாச்சி. சாந்து அரைக்க இன்னும் ரெண்டு ஆள் வேணும். எம் மகனுக்கே இந்த வேலை தெரியாது" என்றார் கொத்தனார்.

ஆனாலும் போன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார்.

போக விரும்புகிறவர்களுக்கு: திருச்செந்தூரிலிருந்து பஸ் உண்டு. செப்டம்பர் 14-ல் திருச்சிலுவைத் திருவிழா. அப்போது கூட்டம் நெரியும். வீடுகளை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் வேறு மாதத்தில், காலையிலேயே போய்விடுங்கள். மதியம் மணல் சுடும்.