70-ல் வைத்தும் புழுங்கும் வீடு

ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லேண்டில் மீனாட்சி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, போன வருஷம் வீடு வாங்கிய தம்பி ஒருவன் டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லி இழுத்துக்கொண்டு போனான். தட்டில் முறுக்கு வந்தது. கடித்தால் சத்தமே இல்லை. முந்தாநாள் சுட்டதாம், அதற்குள் நமுத்துவிட்டது.

"ஏ.சி.யை 70-லதான் வச்சிருக்கேன் அண்ணே. குளிருது, ஆனா புழுங்குது. ராத்திரி போர்வையைத் தொட்டா ஈரமா இருக்கிற மாதிரியே இருக்கு."

70 ஃபாரன்ஹீட் என்றால் நம் கணக்கில் 21 டிகிரி. குளிரவும் செய்கிறது, புழுங்கவும் செய்கிறது என்று அவன் சொன்னதில் தப்பில்லை. 70-க்குக் குறைத்ததுதான் தப்பு.

சூடான காற்றில் நீராவிக்கு இடம் அதிகம், குளிர்ந்த காற்றில் குறைவு. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம்தான். இருக்க முடிகிற அளவில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதே ஈரப்பதச் சதவீதம். வீடு 75 ஃபாரன்ஹீட்டில் 58 சதவீதமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு நீரையும் வெளியேற்றாமல் 70-க்குக் குளிர்வித்தால் அதே காற்று 69 சதவீதம் காட்டும். புழுங்குகிறதே என்று தம்பி மேலும் மேலும் குறைத்தான், ஈரம் மேலும் மேலும் ஏறியது.

"ஏ.சி. தண்ணியை எடுக்காதா?" என்றான். எடுக்கும். சொல்லப்போனால் ஏ.சி. பிறந்ததே அதற்காகத்தான். 1902-ல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் விரிந்து, காய்ந்தால் சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக உட்காராமல் படுத்தியது. அதைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கேரியர் தன் இயந்திரத்தை வரைந்தார். மனிதர்களுக்கு ஜில்லென்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் பிறகு வந்தது. இன்றைக்குச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் வெப்பத்தை மட்டும் பார்த்து இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது, ஈரத்தைக் கேட்பதே இல்லை.

ஏ.சி. கொஞ்ச நேரம் ஓடினால்தான் உள்ளே இருக்கும் குளிர்சுருள் நன்றாக வேர்த்து, வேர்த்த நீர் தட்டில் விழுந்து, குழாய் வழியாக வெளியே போகும். தம்பி வீட்டில் மூன்றரை டன் போதுமான இடத்தில் ஐந்து டன் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். "பெருசா இருந்தா நல்லதுதானேன்னு நெனச்சேன்." ஏழே நிமிடத்தில் வீட்டைக் குளிரவைத்து அது நின்றுவிடுகிறது. சுருளில் நீர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதில் தெர்மோஸ்டாட்டில் ஃபேனை 'ஆன்' என்று வேறு வைத்திருந்தான். அது அந்த நீரைத் திரும்ப வீட்டுக்குள்ளேயே ஊதிவிடும். எழுந்துபோய் 'ஆட்டோ'வுக்கு மாற்றினேன். காசு செலவில்லாத முதல் வைத்தியம் அது.

ஆனால் ஏ.சி. அளவாக இருந்தாலும் ஹூஸ்டனில் தப்பிக்க முடியாத நாட்கள் உண்டு. அக்டோபரில், மார்ச்சில், மழை பெய்யும் இரவுகளில் வெளியே வெப்பம் இதமாக இருக்கும், காற்று மட்டும் பிழியலாம் போல இருக்கும். வீடு குளிர வேண்டிய தேவையே இல்லாததால் ஏ.சி. சும்மா கிடக்கும். முழு வீட்டுக்குமான டீஹியூமிடிஃபையர் என்ற பெட்டிக்கு வேலை வருவது அப்போதுதான்.

அட்டிக்கில் உட்கார்ந்து டக்ட்டோடு சேர்ந்துகொள்ளும் பெட்டி அது. உள்ளே குளிர்சுருள் ஒன்று, அதற்கு அடுத்து சூடான சுருள் ஒன்று. காற்று முதலாவதில் நீரை விட்டுவிட்டு, இரண்டாவதில் சூடேறி, வறண்டு வெளியே வருகிறது. ஆமாம், கொஞ்சம் சூடாகவே வரும். ஆவி நீராகும்போது வெப்பம் விடும். ஒரு லிட்டர் பச்சைத்தண்ணீரை டீக்குக் கொதிக்கவைக்க எவ்வளவு வேண்டுமோ, அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல். கோடையில் அந்தச் சூட்டையும் ஏ.சி.தான் சுமக்க வேண்டும். ஏ.சி.க்கு மாற்று என்று இதை விற்பவரை நம்ப வேண்டாம்.

தம்பி வீடு 2,500 சதுர அடி. உள்ளே இருக்கும் மொத்தக் காற்றிலும் 65 சதவீதத்தில் உள்ள நீர் ஒன்பது லிட்டர்தான், ஒரு வாளிகூட நிறையாது. 50-க்கு இறக்க இரண்டு லிட்டர் எடுத்தால் போதும். பிறகு எதற்கு ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது லிட்டர் எடுக்கும் பெட்டி? வீடு ஒழுகுகிறது, அதனால். கதவிடுக்கு, விளக்குத் துளை, டக்ட் ஓட்டை வழியாக மணிக்கு மூன்றில் ஒரு பங்கு காற்று மாறினாலே, கோடையில் மணிக்கு இரண்டு லிட்டர் நீர் உள்ளே வந்து சேர்கிறது. நாம் மூச்சு விடுவதும், சோறு வடிப்பதும், குளிப்பதும் வேறு. ஓட்டையை அடைக்காமல் பெட்டி வாங்குவது ஓட்டைப் படகில் நீரை இறைத்துக்கொண்டே இருப்பதுதான்.

தம்பியின் அம்மா அதுவரை பேசவில்லை. "மாயவரத்து வீட்ல ஜன்னலெல்லாம் தெறந்தேதான் கெடக்கும். அங்க வராத பூசணம் இங்க எப்படிப்பா வருது?" நல்ல கேள்வி. அங்கே உள்ளும் புறமும் ஒரே வெப்பம், காற்று வந்துபோய்க்கொண்டே இருந்தது, ஈரம் படிய ஜில்லென்ற சுவரும் இல்லை. பூச்சு சுண்ணாம்பு, அதில் பூசணம் லேசில் பிடிக்காது. இங்கே சுவர் என்பது இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை. காகிதம் பூசணத்துக்குச் சாப்பாடு. அதைக் குளிரவைத்து ஈரத்தையும் கொடுத்தால் வேறென்ன வேண்டும் அதற்கு?

பெட்டி வாங்குவதாக இருந்தால் சில ஆயிரம் டாலர் ஆகும், அதனால் மூன்று விஷயம். பெட்டியின் மேல் போட்டிருக்கும் 'ஒரு நாளைக்கு இத்தனை பைன்ட்' என்ற கணக்கின் சோதனை முறை 2019-ல் மாறியது, முன்பைவிடக் குளிர்ந்த காற்றில் அளக்கிறார்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். இன்னொன்று, வறண்ட காற்றை ஏ.சி.யின் ரிட்டர்ன் பக்கம் விடச் சொல்வார்கள், வேலை சுலபம் என்று. விடாதீர்கள். ஈரமான குளிர்சுருளைத் தாண்டிப் போகும்போது அது மறுபடி நீரை வாங்கிக்கொள்ளும். சப்ளை பக்கம்தான் விட வேண்டும். அடியில் ஒரு தட்டும், நீர் நிறைந்தால் பெட்டியை நிறுத்தும் மிதவை சுவிட்சும் கட்டாயம். அட்டிக்கில் வழிந்தால் கூரைப் பலகை தலையில் விழும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்கிறது, 30-க்கும் 50-க்கும் நடுவே இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. ஹூஸ்டனில் 50-ல் வைத்தால் போதும் என்பேன். 35-க்கு இறக்குவது மின்சாரக் கம்பெனிக்குச் செய்யும் தர்மம்.

கிளம்பும்போது தம்பியிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தெர்மோஸ்டாட்டை 75-க்கு ஏற்றுங்கள். குளித்த பிறகு குளியலறை ஃபேன் அரைமணி நேரம் ஓடட்டும். பத்துப் பதினைந்து டாலருக்கு ஓர் ஈரப்பதமானி வாங்கிப் படுக்கையறையில் வைத்து, காலையும் இரவும் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனையும் செய்து, இடுக்குகளையும் அடைத்த பிறகு அக்டோபர் மழை இரவில் 60-ஐத் தாண்டினால் மட்டும் பெட்டிக்கு விலை கேளுங்கள்.