நுண்ணறி உள்வைப்புப் பூச்சு

நுண்ணறி உள்வைப்புப் பூச்சு என்பது உடலினுள் பொருத்தப்படும் செயற்கை எலும்பு, மூட்டு முதலிய உள்வைப்புகளின் மீது இடப்படும், சூழலின் மாற்றத்தை உணர்ந்து மருந்தையோ அயனிகளையோ வெளிவிடும் மெல்லிய படலம் ஆகும். பாக்டீரியாத் தொற்றைத் தடுப்பதும், அறுவைக்குப் பின் எஞ்சியுள்ள புற்றுநோய் உயிரணுக்களை அழிப்பதும் இதன் நோக்கங்கள்.

தேவை

ஆஸ்டியோசார்க்கோமா எனப்படும் எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் பதின்ம வயதினரின் முழங்காலை அண்டித் தோன்றுகிறது. முன்னர் காலை நீக்குவதே வழக்கமான மருத்துவமாக இருந்தது. 1970களில் வேதிமருத்துவம் வளர்ந்தபின், கட்டியுள்ள எலும்பை மட்டும் அகற்றி அவ்விடத்தில் பெரிய உலோக உள்வைப்பைப் பொருத்தும் முறை பரவியது. ஆனால் நீண்ட நேர அறுவை, பரந்த உலோகப் பரப்பு, வேதிமருத்துவத்தால் குன்றிய நோயெதிர்ப்பு ஆகியவை தொற்றுக்கு வழிவிடுகின்றன. 604 நோயாளிகளை உள்ளடக்கி, 2022 இல் முடிவு வெளியான பாரிட்டி ஆய்வில், நுண்ணுயிர்க்கொல்லியை ஒருநாள் பெற்றோருள் 16.7 விழுக்காட்டினருக்கும், ஐந்து நாட்கள் பெற்றோருள் 15.0 விழுக்காட்டினருக்கும் அறுவையிடத்தில் தொற்று ஏற்பட்டது. குருதிவழி மருந்தைக் கூடுதல் நாட்கள் தருவதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்பதால், உள்வைப்பின் மேற்பரப்பையே காக்கும் வழிகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

மேற்பரப்புக்கான போட்டி

உடலின் உயிரணுக்களும் பாக்டீரியாக்களும் உள்வைப்பின் மேற்பரப்பை முதலில் பற்ற ஓடுகின்றன என அந்தோணி கிரிஸ்டினா 1987 இல் விளக்கினார். பாக்டீரியா முந்தினால் உயிர்ப்படலம் என்னும் பசைபோன்ற உறைக்குள் தங்கிவிடும். பின்னர் மருந்து அதனை எளிதில் எட்டாது. பல நேரங்களில் உள்வைப்பையே கழற்ற நேரிடும்.

வெள்ளிப் பூச்சு

மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தவற்றுள் வெள்ளிப் பூச்சு குறிப்பிடத்தக்கது. செருமனியின் மூன்ஸ்டர் நகர மருத்துவர்கள் 2010 இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வெள்ளி பூசிய உள்வைப்பைப் பெற்ற 51 பேரில் 3 பேருக்கும், பூச்சற்ற தைட்டானியம் பெற்ற 74 பேரில் 13 பேருக்கும் தொற்று உண்டானது. அந்தப் 13 பேரில் ஐவருக்குக் காலை நீக்கவோ, கணுக்காலைத் திருப்பி முழங்காலாக அமைக்கவோ வேண்டியிருந்தது. வெள்ளிக் குழுவில் எவருக்கும் அந்நிலை வரவில்லை. இது குலுக்கல் முறை ஆய்வன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மிகுதியான வெள்ளி எலும்பு உயிரணுக்களுக்கும் நஞ்சாகும். ஆகவே எலும்பினுள் செல்லும் தண்டுப்பகுதி பூசப்படாமல் விடப்படுகிறது.

இருபயன் தனிமங்கள்

பாக்டீரியாவுக்கும் வேகமாகப் பெருகும் புற்றுநோய் உயிரணுவுக்கும் இரும்பு மிகுதியாகத் தேவை. காலியம் அயனி இரும்பு அயனியை ஒத்திருப்பதால் இவ்விரண்டும் அதனை உட்கொள்கின்றன. ஆனால் அதனால் இரும்பின் வேலையைச் செய்ய இயலாது. காலியம் கலந்த உயிர்க்கண்ணாடிகள் இவ்வடிப்படையிலேயே ஆராயப்படுகின்றன. செலீனிய நுண்துகள்களும் ஆய்வில் உள்ளன.

‘நுண்ணறி’ என்னும் அடைமொழி

இச்சொல் தாராளமாகவே கையாளப்படுகிறது. ஜென்டாமைசின் பூசிய எலும்பு ஆணி, தொற்று இருப்பினும் இல்லாவிடினும் மருந்தைக் கசியவிடும்; அதனை நுண்ணறிப் பூச்சு எனல் பொருந்தாது. தொற்றுற்ற இடத்திலும் கட்டியைச் சுற்றியும் அமிலத்தன்மை கூடுகிறது. அமிலத்தில் அறுபடும் வேதிப்பிணைப்பால் மருந்தைக் கட்டிவைத்தால், தேவையுள்ள இடத்தில் மட்டும் அது விடுபடும். பாக்டீரியாவின் நொதிகளால் கரையும் படலங்களும் இவ்வகையின. இவை பெரும்பாலும் ஆய்வகத்திலும் விலங்குகளிலுமே சோதிக்கப்பட்டுள்ளன.

வரம்புகள்

எலும்பினுள் அடித்துப் பொருத்துகையில் பூச்சு உரியக்கூடாது. கிருமிநீக்கத்தையும் தாங்க வேண்டும். மெல்லிய படலத்தில் அடங்கும் மருந்து சிறிதளவே என்பதால் அது உள்வைப்பை ஒட்டிய உயிரணுக்களையே எட்டும். நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோயின்மீது இதற்குப் பயனில்லை. எனவே வேதிமருத்துவத்துக்கு இது மாற்றாகாது.