பெரிதாகத் தெரிந்தால் மட்டும் போதுமா?

நவம்பர் மாதம் 15-ந் தேதி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம் அன்றுதான் தொடங்குகிறது. பொழுது இன்னும் சரியாகப் புலரவில்லை. தரையெல்லாம் வெண்பனி. ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்த வேட்டைக்காரர் ஒருவர், ஒரு மரத்தடியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் இருக்கும் துப்பாக்கி புதிது. அதன் மேல் பொருத்தியிருக்கும் தூரதிருஷ்டிக் கண்ணாடி அதைவிடப் புதிது. உருவத்தை 3 மடங்கு முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டக் கூடியது. வாங்கியவருக்கு அந்த 9 என்ற எண்ணின் மேல்தான் ஆசை. வளையத்தைக் கடைசி வரை திருகி 9-லேயே வைத்திருக்கிறார்.

சருகு நொறுங்கும் சத்தம். முப்பது கஜத்தில் ஒரு வெண்வால் மான்! துப்பாக்கியைத் தூக்கிக் கண்ணில் வைக்கிறார். மானைக் காணோம். பழுப்பு நிறத்தில் ஏதோ ரோமம் மட்டும் தெரிகிறது. அது தோளா, தொடையா, பக்கத்தில் நிற்கும் புதரா என்று விளங்கவில்லை. துப்பாக்கியை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடுகிறார். அதற்குள் வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு மான் மறைந்துவிடுகிறது.

சுடாமல் விட்டாரே, அந்த மட்டில் அவர் நல்லவர். ரோமம் தெரிந்ததும் விசையை இழுத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்போது குண்டு வயிற்றிலோ காலிலோ பாய்கிறது. மான் விழுவதில்லை, ஓடுகிறது. எங்கோ ஒரு சதுப்பு நிலத்தில் படுத்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. வேட்டைத் துப்பாக்கிக்குக் கண்ணாடி தேர்ந்தெடுப்பது வெறும் கடைச் சமாசாரம் அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

கண்ணாடி செய்யும் உண்மையான உதவி

கண்ணாடி இல்லாத துப்பாக்கியில் குறி பார்ப்பது எப்படி? கண்ணுக்கு அருகே ஒரு பிளவு. குழலின் நுனியில் ஒரு முனை. அதற்கும் அப்பால் மான். இந்த மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரவேண்டும். ஆனால் மனிதக் கண்ணுக்கு ஒரே சமயத்தில் மூன்று தூரங்களைத் தெளிவாகக் காணும் சக்தி கிடையாது. முனையைப் பார்த்தால் மான் மங்கும். மானைப் பார்த்தால் முனை மங்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கஷ்டம் இன்னும் ஜாஸ்தி. தூரதிருஷ்டிக் கண்ணாடியோ, மானையும் குறுக்குக் கம்பியையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. கம்பி எங்கே இருக்கிறதோ அங்கே குண்டு போகும். அது செய்யும் முதல் உதவி இதுதான். உருவத்தைப் பெரிதாக்குவது இரண்டாவது உதவியே.

இதை மறந்துவிட்டு, எத்தனை மடங்கு என்பதிலேயே கண்ணாக இருக்கும்படி செய்தது வியாபாரம் என்று சொன்னால் தவறில்லை.

19 டாலர் கண்ணாடி

துப்பாக்கியின் மேல் தூரதிருஷ்டிக் கண்ணாடியை ஏற்றும் யோசனை பழையது. 1855-ல் நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் என்பவர் இதை ஒரு தொழிலாகவே நடத்தத் தொடங்கினார். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், குழலின் நீளத்துக்கு நீண்டு கிடந்த இத்தகைய கண்ணாடிகளைக் கொண்டு சுட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் சாதாரண வேட்டைக்காரனுக்கு அது எட்டாக் கனி. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் நேர்த்தியான கண்ணாடிகள் வந்த பிறகும், அவை பிரபுக்களின் துப்பாக்கிகளையே அலங்கரித்தன. ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி தன் கண்ணாடிகளுக்கு வைத்த பெயர்களே வேடிக்கையானவை. ‘ஸீல்ஃபியர்’ என்றால் நான்கு மடங்கு, ‘ஸீல்செக்ஸ்’ என்றால் ஆறு, ‘ஸீல்ஆக்ட்’ என்றால் எட்டு. பெயரைச் சொன்னால் போதும், சக்தி தெரிந்துவிடும்.

1930-ல் அமெரிக்காவின் வில்லியம் வீவர் 19 டாலருக்கு ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்தார். விரல் பருமனில் ஒரு குழாய், மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவான சக்தி, அவ்வளவுதான். அதுதான் குடியானவர்களையும் தொழிலாளர்களையும் கண்ணாடிப் பக்கம் திருப்பியது. இரண்டாவது உலகப் போரில் அமெரிக்க ராணுவம் தன் குறிசுடும் வீரர்களுக்குக் கொடுத்ததும் இந்தக் கண்ணாடியின் ஒரு வகையே. ரஷ்யப் படையின் குறிசுடும் வீரர்கள் பயன்படுத்திய ‘பி.யு.’ கண்ணாடியின் சக்தி மூன்றரை மடங்கு. உயிரைப் பணயம் வைத்துச் சுட்டவர்களுக்கு மூன்றரை போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மான் வேட்டைக்குப் போகிறவருக்கு இருபத்தைந்து வேண்டியிருக்கிறது!

போருக்குப் பிறகு நான்கு மடங்குக் கண்ணாடி அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே ஏறக்குறைய ஒரு நியதியாகிவிட்டது. ‘அவுட்டோர் லைஃப்’ பத்திரிகையில் 1972 வரை துப்பாக்கிப் பகுதியின் ஆசிரியராக இருந்த ஜாக் ஓகானர், மலை ஆடுகளைத் தேடி உயர்ந்த சிகரங்களில் அலைந்தவர். அவர் மிகவும் நேசித்த .270 துப்பாக்கியின் மேல் இருந்ததும் நான்கு மடங்குக் கண்ணாடியே. கணக்கும் அதற்குச் சாதகமாகவே இருக்கிறது. 200 கஜத்தில் நிற்கும் விலங்கு, அதன் வழியாகப் பார்த்தால் 50 கஜத்தில் நிற்பது போலத் தோன்றும். வெண்வால் மானின் இருதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி சுமார் 8 அங்குல அகலம். ஐம்பது கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு கண்ணுக்குத் தெரியாமலா போகும்?

கூடினால் குறைவது

சக்தி கூடக் கூட வேறு சில விஷயங்கள் குறைகின்றன. முதலில் குறைவது பார்வைப் பரப்பு. 3 முதல் 9 மடங்கு வரையுள்ள சாதாரணக் கண்ணாடியில், 3-ல் வைத்தால் 100 கஜத்தில் முப்பது அடிக்கு மேல் அகலம் தெரியும். 9-ல் வைத்தால் ஏறக்குறைய பதினான்கு அடிதான். முப்பது கஜத்தில் அது நாலு அடியாகச் சுருங்கிவிடும். மிச்சிகன் வேட்டைக்காரருக்கு மான் முழுசாகத் தெரியாமல் போனதன் மர்மம் இவ்வளவே.

அடுத்தது நடுக்கம். கை நடுங்காத மனிதன் இல்லை. மூச்சும் இருதயத் துடிப்பும் துப்பாக்கியை ஆட்டிக்கொண்டுதான் இருக்கும். நான்கு மடங்கில் அது தெரிவதில்லை. பன்னிரண்டு மடங்கில் குறுக்குக் கம்பி மானின் உடல் முழுவதும் கூத்தாடுகிறது. உண்மையில் ஆட்டம் கூடவில்லை, காட்சிதான் கூடியிருக்கிறது. ஆனால் அதைக் கண்டு பதறுகிறவர், கம்பி சரியான இடத்தைக் கடக்கும் நொடியைப் பிடிக்க நினைத்து விசையை வெடுக்கென்று இழுத்துவிடுகிறார். குண்டு எங்கேயோ போகிறது. வெயில் நேரமாக இருந்தால், தரையிலிருந்து எழும் அனலும் பெரிதாகி, விலங்கு தண்ணீருக்குள் நிற்பது போல நெளியும்.

மூன்றாவது வெளிச்சம். இது கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டிய சங்கதி.

ஜெர்மனியில் வேட்டை என்பது பெரும்பாலும் அந்தி நேரத்துக் காரியம். காட்டின் ஓரத்தில் ஏணி வைத்த உயர்ந்த மரப் பரண்கள் இருக்கும். ரோ மானும் செம்மானும் இருட்டுகிற வேளையில்தான் வெளியே வரும். மான் வகைகளை அஸ்தமனமாகி ஒன்றரை மணி நேரம் வரைதான் சுடலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம்; காட்டுப்பன்றிக்கு மட்டும் இரவுத் தடை இல்லை. ஆகவே நிலா வெளிச்சத்தில் பன்றிக்காகக் காத்திருப்பது அங்கே பழைய வழக்கம். அதற்கென்றே பிறந்தது 8 மடங்கு சக்தியும் 56 மில்லிமீட்டர் முன் வில்லையும் கொண்ட பருத்த கண்ணாடி.

ஏன் 56? முன் வில்லையின் அகலத்தைச் சக்தியால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 56-ஐ எட்டால் வகுத்தால் 7 மில்லிமீட்டர். இருட்டில் வாலிபரின் கண்மணி விரியும் அளவும் சுமார் 7 மில்லிமீட்டர்தான். பூட்டும் சாவியும் போலப் பொருத்தம்! அதே இருட்டில், 40 மில்லிமீட்டர் வில்லையுள்ள கண்ணாடியை 9 மடங்கில் வைத்தால் நாலரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒளிக்கற்றைதான் கிடைக்கும், காட்சி மங்கிவிடும். வளையத்தை 5-க்கு இறக்கினால் மீண்டும் பளிச்சிடும்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. வயது ஏற ஏறக் கண்மணி விரிவதும் குறைகிறது. அறுபதைக் கடந்தவருக்கு அநேகமாக 5 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். அவர் ஏராளமாகப் பணம் கொட்டி வாங்கும் 56 மில்லிமீட்டர் வில்லை கொடுக்கும் ஒளியில் ஒரு பகுதி கருவிழியின் மேல் விழுந்து வீணாகப் போகிறது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அத்துடன் பெரிய வில்லை குழலில் இடிக்காமல் இருக்கக் கண்ணாடியை உயர்த்திப் பொருத்த வேண்டும். அப்புறம் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் சரியாகப் படியாது.

அந்தியொளிக்கென்று ஒரு வாய்பாட்டையும் ஜெர்மானியர் வைத்திருக்கிறார்கள். சக்தியையும் வில்லையின் அகலத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நான்கு மடங்கு, 32 மில்லிமீட்டர் கண்ணாடிக்குச் சுமார் 11 வரும். எட்டு மடங்கு, 56-க்குச் சுமார் 21 வரும். எண் பெரிதானால் அந்தியில் நுணுக்கம் நன்கு தெரியும் என்பது கணக்கு. ஆனால் விளம்பரத்தில் இதை மட்டும் கண்டு ஏமாறக் கூடாது. 20 மடங்கு, 20 மில்லிமீட்டர் என்று ஒரு கண்ணாடி செய்தால் அதற்கும் 20 மார்க்கு கிடைத்துவிடும். அதன் ஒளிக்கற்றையோ ஒரே ஒரு மில்லிமீட்டர்! அந்தியில் அதற்குள் இருள்தான் தெரியும்.

இடத்துக்கு ஏற்ற எண்

ஸ்காட்லாந்து மலைச்சரிவில் செம்மானைத் தவழ்ந்து தொடர்பவர்களுக்கு 6 மடங்கு, 42 மில்லிமீட்டர் நெடுநாளைய சிநேகிதன். நாய்களால் விரட்டப்பட்டுப் பாய்ந்துவரும் காட்டுப்பன்றிக்கும், ஆப்பிரிக்காவில் புதருக்குள் நிற்கும் எருமைக்கும் 1 முதல் 4 மடங்கு வரை போதும். இரண்டு கண்களையும் திறந்து வைத்தே சுட வேண்டிய இடங்கள் அவை. வயோமிங் வெட்டவெளியில் பிராங்ஹார்ன் வேட்டைக்குப் போகிறவர் 9 அல்லது 12 வரை வைத்துக்கொண்டால் குறை சொல்வதற்கில்லை.

நம் நாட்டில் வேட்டை நடந்த காலத்தில் இந்தக் கண்ணாடிக்கு அவ்வளவாக இடம் இருந்ததில்லை. பரணிலிருந்து சுடும் தூரம் அநேகமாகச் சில கஜங்களே. 1926-ல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை ஒரு மாமரத்தின் மேலிருந்து இரவில் சுட்ட ஜிம் கார்பெட்டுக்கு உதவியது துப்பாக்கியோடு இணைத்திருந்த டார்ச் விளக்குதான். 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கே கடிவாளம் போட்டது.

பார்க்க ஒன்று, சுட ஒன்று

பெரிய எண்ணின் மேல் மோகம் கொண்டவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. தூரத்தில் அசைவது என்ன என்று பார்க்க வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். ஆனால் துப்பாக்கியின் கண்ணாடியால் பார்ப்பது என்றால், துப்பாக்கியின் குழலையும் அதன்மேல் நீட்டுவது என்றல்லவா அர்த்தம்? அங்கே அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருந்தால்? அமெரிக்காவில் வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் இதை அழுத்தமாகவே சொல்லித் தருகிறார்கள். ஸ்காட்லாந்து மலைக் காவலர்கள் தேடிப் பார்ப்பதற்கென்று தனியாகப் பித்தளைத் தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்திருந்தார்கள். அதில் அவர்களுக்கு இருந்த கைத்திறனைக் கண்டுதான் 1900-ல் லவட் பிரபு அவர்களைத் திரட்டிப் போயர் யுத்தத்துக்கு ஒரு வேவுப் படையே அமைத்தார்.

இன்னொரு அபாயம் அண்மைக் காலத்தில் தலையெடுத்திருக்கிறது. 25 மடங்கு வரை போகும் கண்ணாடிகள் இப்போது சரளமாகக் கிடைக்கின்றன. 500 கஜத்தில் நிற்கும் விலங்கு பக்கத்தில் நிற்பது போலத் தெரிகிறது. சுடத் தைரியம் வருகிறது. ஆனால் குண்டுக்குத் தூரம் குறையவில்லை. அது போய்ச் சேர அரை வினாடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் விலங்கு ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும். காற்றின் விசை வேறு. தியோடர் ரூஸ்வெல்ட் முதலியோர் 1887-ல் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் சங்கமே இந்த நெடுந்தூரச் சுடுதலை நல்ல வேட்டையாக ஒப்புக்கொள்ளவில்லை.

காயம்பட்ட விலங்கைத் தாமதமின்றித் தேடிக் கொல்வது ஜெர்மனியில் சட்டப்படி கடமை. அதற்கென்றே ஹனோவர் நாய், பவேரிய மலைநாய் என்று தனி இனங்கள் வளர்க்கப்படுகின்றன. மறுநாள் விடியலில், நீண்ட தோல்வாரைப் பிடித்துக்கொண்டு நாயின் பின்னால் ஒருவர் முள்ளுக்குள் நுழைகிறார். உலர்ந்துபோன ஒரு துளி இரத்தத்தை முகர்ந்து நாய் முன்னே இழுக்கிறது. சில சமயம் அந்த நடை கிலோமீட்டர் கணக்கில் நீளுகிறது.

மிச்சிகனிலும் அனுபவசாலிகள் வளையத்தை எப்போதும் மிகக் குறைந்த எண்ணிலேயே வைத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். தூரத்து மான் காத்திருக்கும், வளையத்தைத் திருக நேரம் உண்டு. அருகில் வரும் மான் காத்திருக்காது. சிலர் 4-ல் வைத்து, அது நகராதபடி மேலே ஒட்டுநாடாவையும் சுற்றிவிடுகிறார்கள்.