மூளையில் ஒரு கடற்குதிரை

காங்கேசன்துறையாருக்கு நினைவு என்பது ஒருவகைச் சொத்து. 1990ஆம் ஆண்டில் போர் காரணமாக இவ்வூரார் வீடு வாசலை விட்டு நீங்கினர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகள் பல ஆண்டுகளின் பின், அதுவும் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. மீண்டு வந்தோர் வேலியையும் காணவில்லை, ஒழுங்கையையும் காணவில்லை, கண்டது பற்றைக்காடே. எந்தக் கிணறு எவர் வளவுக்குரியது என்று காட்டியவர்கள் முதியவர்கள். எழுதிய உறுதி தொலைந்தவிடத்து அவர்தம் நினைவே உறுதியாக நின்றது.

அத்தகைய முதியவர் ஒருவரை நான் அறிவேன். மூளையில் தோன்றிய கட்டிக்குச் சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் பெற்றுப் பிழைத்தவர். சீமெந்துத் தொழிற்சாலையில் தம்மோடு வேலை செய்தவர்களின் பெயர்களை ஒன்றும் தவறாது ஒப்புவிப்பார். ஆனால், காலையில் உண்ட மருந்தை மறந்து மறுபடியும் கேட்பார். “அம்பது வரியத்துக்கு முந்தினது ஞாபகமிருக்கு, இண்டைக்குக் காலமை நடந்தது மட்டும் மறந்துபோச்சோ? அப்பு நடிக்கிறார்” என்று வீட்டார் மனம் நொந்தனர்.

அவர் நடிக்கவில்லை. மூளையின் இருபுறத்தும், காதுக்கு நேரே உள்ளாழத்தில், வளைந்த சிறு பகுதி ஒன்று உண்டு. இத்தாலிய உடற்கூற்று அறிஞர் அரான்சி 1587ஆம் ஆண்டில் அதன் வடிவை நோக்கிக் கடற்குதிரை எனப் பொருள்படும் ‘ஹிப்போகாம்பஸ்’ என்னும் பெயரை இட்டார். நமது பாக்கு நீரிணையிலும் வாழும் அச்சிற்றுயிரின் பெயரே அது. இன்றைய நிகழ்ச்சியை நாளைய நினைவாக ஆக்குவது அப்பகுதியின் தொழில். நெடுநாட் பழகிய நினைவுகளோ பெரும்பாலும் மூளையின் பரந்த புறப்பகுதியில் வேரூன்றிவிடுகின்றன. ஆகவே கடற்குதிரை ஊறுபட்டால் பழையது நிற்கும், புதியது தங்காது.

1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோயை நீக்கும்பொருட்டு அப்பகுதியின் பெரும்பாகம் இருபுறத்தும் அகற்றப்பட்டது. இளமையை அவர் மறக்கவில்லை. ஆயினும் சற்றுமுன் பேசியவரை மறுகணம் புதியவராகவே கண்டார். 2008ஆம் ஆண்டில் இறக்கும்வரை அந்நிலை மாறவில்லை. அவருக்கு இருந்தது கட்டியன்று. எனினும் கட்டிக்குச் சிகிச்சை பெற்றோரின் மறதியை விளங்கிக்கொள்ள அவர் வாழ்க்கை பெரிதும் உதவியது.

கட்டியை அழிக்கும் கதிர், களையெடுக்கும்போது பயிரின் வேரும் அறுவதுபோல, அயலிலுள்ள நல்ல உயிரணுக்களையும் தாக்குகிறது. சிகிச்சைக் காலத்துக் களைப்பு நாளடைவில் தணியலாம். நினைவுத் தளர்ச்சியோ மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கழிந்தே தலைகாட்டும். நோய் தீர்ந்ததென்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் காலம் அது. ஆதலால் உண்மைக் காரணம் எவருக்கும் தோன்றுவதில்லை. எல்லா மறதிக்கும் கதிரே காரணமென்பதும் பொருந்தாது. கட்டியும், சத்திரசிகிச்சையும், சில வலிப்பு மருந்துகளும், உறக்கமின்மையும், மனச்சோர்வும் இதிற் பங்குகொள்வன.

மறதியெனத் தோன்றுவதெல்லாம் மறதியுமன்று. மொன்றியல் நகரின் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் வைல்டர் பென்பீல்ட், 1928ஆம் ஆண்டில் தம் சொந்தத் தமக்கையாரின் மூளையில், வலப்பக்க முன்பகுதியிலிருந்த கட்டியைத் தாமே அறுத்தெடுத்தார். அம்மையார் அன்பும் பேச்சும் மாறாமல் மீண்டார். ஓராண்டுக்கு மேற் கழிந்தபின் தம்பியை விருந்துக்கு அழைத்தவர், சமையற் பொருள்களெல்லாம் எதிரே கிடக்க, எதை முன் செய்வது, எதைப் பின் செய்வது என்று அறியாது கலங்கி நின்றார். சமையலை அவர் மறக்கவில்லை. ஒழுங்குபடுத்தும் ஆற்றலே குன்றியிருந்தது. பென்பீல்ட் 1935ஆம் ஆண்டில் இதனை மருத்துவ உலகுக்கு எழுதிவைத்தார்.

ஆசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். வளரும் மூளை கதிரினால் மிகுதியும் ஊறுபடும். வயது குறையக் குறைய அத்தீங்கு பெரிது. சிகிச்சை பெற்ற பிள்ளை, உதிர்ந்த தலைமயிர் வளர்ந்து, சுகதேகியாகவே வகுப்புக்கு மீளும். கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் எழுதி முடிக்குமுன் பாடம் வேறிடம் சென்றிருக்கும். நேற்றுக் கற்றது இன்று வராது. அப்பிள்ளைக்கு ‘மந்தன்’ என்றும் ‘கவனமில்லாதவன்’ என்றும் பட்டஞ்சூட்டுவது பெரும் அநீதி. பரீட்சையிற் சிறிது மேலதிக நேரமும், ஒவ்வொன்றாகச் சொல்லும் சிறு சிறு கட்டளைகளுமே அதற்கு வேண்டுவன.

நினைவைக் காக்கும் முயற்சியும் நடந்துவருகிறது. வேறு உறுப்பிலிருந்து மூளைக்குப் புற்றுப் பரவிய 518 நோயாளரைக்கொண்டு செய்த ஆய்வொன்று 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நினைவைக் காக்கும் மருந்து இரு சாராருக்கும் கொடுக்கப்பட்டது; ஒரு சாராருக்குக் கடற்குதிரைப் பகுதியை இயன்றவரை விலக்கிக் கதிர் செலுத்தப்பட்டது. அவர்களிடத்து அறிவாற்றல் குன்றும் அபாயம் ஏறத்தாழ 26 வீதம் குறைந்தது; ஆயுளும் குறையவில்லை. எல்லாக் கட்டிக்கும் இம்முறை ஏற்றதன்று. ஆயினும் தமக்குப் பொருந்துமோவென்று சிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

காங்கேசன்துறைக்கு அண்மையில் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. 2011ஆம் ஆண்டில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாள் நடந்தோர் திரட்டிய நிதியைக்கொண்டு எழுந்தது அது. தென்முனையிலிருந்து நடந்துவந்தவர்கள் நம் நோயாளருக்காகத் தோள்கொடுத்தனர். வீடு திரும்பியவரின் மறதிக்குத் தோள்கொடுப்பது நம் கடன். மருந்துக்கு மாறாத ஓரிடமும், சுவரில் நாட்காட்டியும், கையில் ஒரு குறிப்புக் கொப்பியும் போதிய துணையாகும். அவர் ஒரு கேள்வியைப் பத்தாம் முறை கேட்டாலும், அவருக்கு அது முதன்முறையே. முதன்முறை கேட்டவருக்குச் சொல்வதுபோலவே விடை சொல்வோமாக.