அமாவாசையும் தறியின் ஓய்வும்

சோமனூரில் இன்று அமாவாசையன்றும் விசைத்தறிகளின் ஓசை கேட்கிறது. இதே கொங்கு மண்ணில் கைத்தறி கோலோச்சிய காலத்தில், அமாவாசை நெசவாளருக்கு ஓய்வு நாள். அன்று தறிக்குழியில் இறங்கலாகாது என்பது நம்பிக்கை. அதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியுமா?

இங்குள்ள நெசவுச் சமூகங்களுள் ஒன்றான தேவாங்கரின் தொன்மம், நெசவையே தெய்வக் கொடையாகக் காண்கிறது. திருமாலின் உந்தித் தாமரையிலிருந்து நூல் பெற்றுத் திரும்பிய தேவல முனிவரை அசுரர்கள் வழிமறித்தனர். சௌடேஸ்வரி அம்மன் தோன்றி அவர்களை அழித்தாள். அவர்களது குருதியில் தோய்ந்த நூல் நிறங்கள் பெற்றது. அம்மன் தோன்றிய நாள் அமாவாசை என்பது மரபு. கோவையில் விஜயதசமியன்று கத்தி போட்டபடி அம்மனை அழைத்துவரும் சடங்கு இன்றும் தொடர்கிறது. காயத்தில் மஞ்சள் நிறப் பண்டாரப் பொடியைத் தூவிக்கொள்வர்.

பொருளியல் பயின்றவன் என்ற முறையில், அமாவாசை வழக்கத்தில் நான் காண்பது ஓர் உடன்படிக்கையை. ஒருவர் மட்டும் தறியை நிறுத்தினால் இழப்பு அவருக்கே. பக்கத்து வீட்டார் முந்திக்கொள்வார். எல்லோரும் நிறுத்தினால் எவரும் பின்தங்குவதில்லை. போட்டியாளர்களை ஒருசேர நிறுத்தும் வேலையைத் தெய்வ அச்சம் செய்தது. ஆனால், அந்த ஓய்வுக்குக் கூலி கிடையாது என்பதையும் மறக்கலாகாது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை உறுதி செய்தது. ஆயினும், வீட்டை ஒட்டிய கூடத்தில் தம் தறியைத் தாமே ஓட்டும் கூலி நெசவாளருக்கு அது எட்டாக்கனி. நெய்த மீட்டருக்கே கூலி என்பதால், தறி நின்றால் வருமானமும் நிற்கிறது. அந்தக் கூலியும் எளிதில் உயர்வதில்லை. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடும் பிற ரகங்களுக்கு 20 விழுக்காடும் கூலி உயர்வு அறிவிக்கப்பட்டது; அதை நடைமுறைப்படுத்தக் கோரி 2022 ஜனவரியில் மீண்டும் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது.

பழைய நம்பிக்கையை மீட்டெடுக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். அது காத்துநின்ற ஓய்வை இனி எது காக்கும் என்பதே கேள்வி. அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் மீட்டருக்கு எத்தனை காசு என்பதோடு, மாதத்தில் எத்தனை நாள் ஓய்வு, அந்நாளின் வருமானத்துக்கு ஈடு என்ன என்பதும் பேசப்பட வேண்டும்.